பெயர் கேட்காமல் எடுத்த படம்

இந்தப் படத்தை எங்கேயாவது ஒரு தடவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கன்னத்தருகே கை வைத்தபடி ஒரு பெண், அவர் தோளின் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்கும் இரண்டு குழந்தைகள், மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை. நெற்றியில் சுருக்கம், கிழிந்த சட்டைக்கை, கண்கள் நம்மைப் பார்க்காமல் படத்துக்கு வெளியே எங்கேயோ நிற்கின்றன. நாற்பத்தைந்து, ஐம்பது வயது சொல்லலாம். அன்றைக்கு அவருக்கு 32தான். 1930களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றி யார் எழுதினாலும் பக்கத்தில் இந்தப் படத்தைத்தான் போடுவார்கள். 'மைக்ரன்ட் மதர்' என்று பெயர், பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போகிற தாய்.

எடுத்தவர் டோரோதியா லாங். படத்தில் இருப்பவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். எடுத்தவரின் பெயர் இந்தப் படத்தால் உலகம் முழுக்கத் தெரிந்தது, படத்தில் இருப்பவரின் பெயர் வெளியே வர 42 வருடம் ஆனது. அந்த 42 வருடத்தில் எடுத்தவர் என்ன செய்தார், எடுக்கப்பட்டவர் என்ன ஆனார் என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு, பார்த்தவர்கள். நானும் அந்தத் தரப்புதான் என்பதால் அதன் கணக்கையும் சேர்த்தே இங்கே பார்க்கிறேன்.

பத்து நிமிடம்

1936ஆம் வருடம், குளிர்காலம் முடியும் நேரம். கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊர். பட்டாணி விளையும் பகுதி, அறுவடைக்குக் கூலிகள் வந்து குவிந்திருந்த சமயத்தில் குளிரும் மழையும் சேர்ந்து பயிரை அழித்துவிட்டன. பறிக்கப் பட்டாணி இல்லை, எனவே கூலி இல்லை, கிளம்பிப் போகக் காசும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரத்திலும் காரிலும் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

லாங் அப்போது மறுகுடியேற்ற நிர்வாகம் என்ற அரசுத் துறைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் (பின்னால் இதுதான் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆனது). ஒரு மாதப் பயணம் முடிந்து வீடு திரும்பும் வழி, மழை, பக்கத்து இருக்கையில் எடுத்து முடித்த ஃபிலிம். சாலையோரத்தில் 'பட்டாணி பறிப்போர் முகாம்' என்று ஒரு பலகை. நிற்காமல் போய்விட்டார். ஆனால் மனசு விடவில்லை, போதுமான அளவு எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டே 20 மைல் ஓட்டினார், பிறகு ஆளில்லாத அந்தச் சாலையில் வண்டியைத் திருப்பினார்.

இதெல்லாம் 24 வருடம் கழித்து, 1960இல், ஒரு புகைப்படப் பத்திரிகையில் அவரே எழுதியது. காந்தம் இழுத்ததுபோல அந்தத் தாயை நோக்கிப் போனேன் என்கிறார். நான் யார், எதற்குக் கேமராவோடு வந்திருக்கிறேன் என்று என்ன சொன்னேன் என்பது நினைவில்லை, ஆனால் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்கிறார். அப்புறம் இந்த வரி: நான் அவர் பெயரைக் கேட்கவில்லை, அவர் கதையையும் கேட்கவில்லை. வயது மட்டும் அவர் சொன்னாராம். சுற்றியுள்ள வயலில் உறைந்துபோன காய்கறியையும் பிள்ளைகள் அடித்துக் கொண்டுவந்த பறவைகளையும் தின்று வாழ்கிறோம், சாப்பாட்டுக்காகக் காரின் டயரை இப்போதுதான் விற்றோம் என்றும் சொன்னாராம்.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயம் எழுதியிருக்கிறார், எனக்கு அதுதான் உறுத்துகிறது. முகாமில் மற்றவர்களின் கூடாரத்துக்கு நான் போகவில்லை, தேவைப்படவில்லை, என் வேலையின் சாரம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினி கிடந்த இடத்தில் ஒரே ஒரு கூடாரம் போதுமானதாக இருந்திருக்கிறது. படத் தொழில் தெரிந்தவர்கள் இதைத் திறமை என்பார்கள். திறமைதான்.

எப்படிப்பட்ட திறமை என்று பார்க்க, அன்றைக்கு அவர் எடுத்த மற்ற படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். ஒன்றில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது, பெட்டி படுக்கை, ஆடும் நாற்காலி, அதில் பருவ வயதில் ஒரு மகள். வேறொன்றில் அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். கடைசிப் படம் என்று நாம் அறிகிற இந்தப் படத்தில் சாமான்கள் இல்லை, பெரிய மகள் இல்லை, கூடாரத்தின் ஒரு கம்பமும் கித்தானும்தான் மிச்சம். சின்னப் பிள்ளைகளின் முகமும் மறைந்துவிட்டதால் நம் கண்ணுக்குப் போக வேறு இடமில்லை, நேராக அந்த அம்மாவின் முகத்துக்குத்தான் போகும். எத்தனை பிள்ளை, கணவர் எங்கே, ஏன் இங்கே வந்தார்கள் என்று நாம் கேட்கக்கூடிய எல்லாமே படத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போயிருக்கிறது.

சில வருடம் கழித்து ஒரு கட்டைவிரலும் போனது. கீழே வலது ஓரத்தில் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு விரல், கண்ணை இழுக்கிறது என்று லாங் அதைத் திருத்தி அழிக்கச் சொன்னார். துறையில் அவருக்கு மேலே இருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு இது பிடிக்கவில்லை, ஆவணத்தில் கை வைக்கலாமா என்பது அவர் கட்சி. நெகட்டிவை உற்றுப் பார்த்தால் அழித்த விரலின் நிழல் இன்னும் தெரியும்.

உணவு போன இடம்

படத்தை லாங் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உடனே சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்கு எடுத்துப் போனார். மார்ச் 10ஆம் தேதி முகாமின் நிலையைப் பற்றிய செய்தி அவருடைய படங்களோடு வந்தது, மறுநாள் இந்த முகமே வந்தது. அரசு அசைந்தது, சுமார் 20,000 பவுண்டு உணவு, அதாவது 9 டன், நிப்போமோவுக்குப் போனது. ஒரு படம் இவ்வளவு சீக்கிரம் சோறு போட்டது அபூர்வம். அந்த முகாமில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள், அதை யாரும் சின்ன விஷயமாக்க முடியாது.

ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது ஃப்ளோரன்ஸ் அங்கே இல்லை.

அவர்கள் அந்த முகாமில் வேலைக்கு வந்தவர்களே இல்லை என்பதுதான் குடும்பம் பின்னால் சொன்ன கதை. வேலை தேடி வாட்ஸன்வில் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஹட்சன் காரின் டைமிங் செயின் அறுந்தது, தள்ளி ஓரங்கட்டிய இடத்தில் இந்த முகாம் இருந்தது. அவருடைய துணைவர் ஜிம் ஹில்லும் பையன்களும் பழுதான பாகத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போயிருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் ஒரு சின்னக் கூடாரம் போட்டு, பிள்ளைகளுக்குச் சமைத்து, அவர்கள் திரும்பி வரக் காத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் லாங்கின் கார் வந்து நின்றது. வண்டி சரியானதும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

டயர் விற்ற கதைக்கு மகன் டிராய் ஓவன்ஸ் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். விற்க எங்களிடம் வேறு டயரே இல்லை, இருந்தது வண்டியில் மாட்டியிருந்ததுதான், அதில்தான் நாங்கள் கிளம்பிப் போனோம். லாங் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, ஒருவர் கதையை இன்னொருவர் கதையோடு குழப்பிக்கொண்டிருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னார். ஒரு மாதம் முழுக்க முகாம் முகாமாக ஏறி இறங்கியவருக்கு இந்தக் குழப்பம் வரக்கூடியதுதான். பெயரைக் கேட்டு எழுதி வைத்திருந்தால் வந்திருக்காது, அவ்வளவுதான். உறைந்த காய்கறி, விற்ற டயர் என்று அவர் எழுதியது நடந்த கதையாகத்தான் இருக்கும், வேறு யாருக்கோ நடந்தது. ஆனால் நாம் இத்தனை வருடமாக அதை இந்த முகத்தோடு சேர்த்தே படித்தோம்.

பார்த்தவர்கள் பார்த்தது

கல்லூரியில் ஒரு வகுப்பில் இந்தப் படத்தைத் திரையில் போட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பசி என்றான் ஒருவன். தாய்மை, கவலை, உறுதி என்று ஆளுக்கொன்று சொன்னோம். நான் 'நம்பிக்கையின்மை' என்றேன், பெரிய கண்டுபிடிப்புபோல. யார் இவர் என்று அறுபது பேரில் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஸ்ட்ரைக்கர் இதைப் பச்சையாகவே சொல்லியிருக்கிறார். அவர் துறையின் கீழ் எடுக்கப்பட்ட படங்கள் லட்சத்துக்கும் மேல், அத்தனையிலும் இதுதான் படம் என்று கொண்டாடியவர் அவர். மனித குலத்தின் துன்பம் முழுவதும் இந்தப் பெண்ணிடம் இருக்கிறது, விடாப்பிடியும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நீங்கள் எதைப் பார்க்க விரும்பினாலும் அதை இவரிடம் பார்க்கலாம் என்றார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு ஆளைப் பற்றி இதைவிடப் பயங்கரமாக ஒன்று சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். எதை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால், அங்கே இருக்கிற ஆளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றுதான் ஆகிறது.

அப்படித்தான் ஆனது. அமெரிக்கா இந்தப் படத்தில் பார்த்தது ஒரு வெள்ளைக்கார ஏழை விவசாயி குடும்பத்துத் தாயை, 1930களின் புழுதிப்புயலில் நிலத்தை இழந்து மேற்கே ஓடி வந்தவரை, கொஞ்சம் கிறிஸ்துவ மாதாவின் சாயலோடு. ஃப்ளோரன்ஸ் 1903இல் பிறந்தது இன்று ஓக்லஹோமா என்று அழைக்கப்படும் பூர்வகுடிகள் பிரதேசத்தில், அவர் செரோக்கி இனத்தவர். தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டு அங்கே கொண்டுபோய் விடப்பட்ட மக்களின் வம்சம். கலிஃபோர்னியாவுக்கு அவர் குடும்பம் வந்தது 1926இல், புழுதிப்புயலுக்குப் பல வருடம் முன்பு. கணவர் கிளியோ ஓவன்ஸ் 1931இல் காசநோயில் இறந்தார். அதன் பிறகு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வயலிலும் ஹோட்டலிலும் கிடைத்த வேலையெல்லாம் செய்திருக்கிறார். விடியும் முன்னே பருத்திக்காட்டுக்குப் போய், கண் தெரியாத இருட்டு வரும்வரை பறித்து, ஒரு நாளைக்கு 450, 500 பவுண்டு எடுப்பேன், அப்போது நானே நூறு பவுண்டு எடை இருக்க மாட்டேன் என்று 1979இல் சொன்னார். அப்படிச் சொல்கிறவர் கையில் இருப்பது கணக்கு. பார்த்தவர்கள் கையில் இருந்தது 'துன்பம்' என்ற ஒரு சொல்.

1970களில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் பத்திரிகையில் இதே படத்தைக் கறுப்பினத் தாயாக வரைந்து போட்டார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை, எல்லோரும் எடுத்துக்கொண்டபோது அவர்கள் மட்டும் ஏன் எடுக்கக் கூடாது. செரோக்கி மக்கள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்குச் சொந்தமானது என்று யாரும் அவர்களிடம் சொல்லாததால்.

இந்த இடத்தில் நம்மூர்ப் படம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 28, சுனாமி முடிந்து இரண்டு நாள், கடலூரில் ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்தது. மணலில் ஒரு பெண் குப்புறக் கிடந்து, உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க அழுகிறார், ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. அந்த வருடத்தின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குத்தான். விருதுக் குழுவுக்கு அது மரணத்தின் படமாக இருந்திருக்கும், பொதுவான மரணம். எனக்கு அந்தப் புடவையும் மணலும் அந்த அழுகையின் சத்தமும்கூடத் தெரியும், ஒப்பாரி வைக்கும் கையை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அதனால் நான் அவருக்கு நெருக்கமானவன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன நெருக்கம், விருதுக் குழுவைப் போலவே நானும் படத்தைத்தான் பார்த்தேன்.

கடிதங்கள்

சரி, ஃப்ளோரன்ஸ் பக்கம் வருவோம். அவர் இந்த 42 வருடமும் சும்மா இருந்தார் என்று நினைக்கக் கூடாது. 1958இல் ஒரு புகைப்படப் பத்திரிகை இந்தப் படத்தை மறுபடி போட்டபோது அதற்குக் கடிதம் எழுதினார். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுங்கள், லாங்கின் முகவரியைக் கொடுங்கள், இனி எந்தப் பத்திரிகையிலாவது இது வந்தால் நானும் என் மூன்று மகள்களும் எங்கள் உரிமையைக் காத்துக்கொள்ள வேண்டிவரும். மூன்று மகள்கள், அதாவது படத்தில் இருக்கும் அதே மூவர். பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு வந்த கடிதம் அது. ஆனால் படத்தின் உரிமை அரசினுடையது, அரசினுடையது என்றால் அங்கே பொதுச் சொத்து, யாரும் அச்சடிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். சட்டப்படி அவருக்கு ஒன்றும் இல்லை. லாங்குக்கும் ஒரு காசு உரிமைத்தொகை கிடையாது, அவர் சம்பளத்துக்கு எடுத்தவர். அவருக்குக் கிடைத்தது பெயர்.

1978இல் மொடெஸ்டோ ஊரின் உள்ளூர் நாளிதழ் நிருபர் ஒருவர், நடமாடும் வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு ஒன்றில் அவரைக் கண்டுபிடித்தார். செய்தி நாடு முழுக்கப் போனது. ஃப்ளோரன்ஸ் சொன்னது இது: லாங் என்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம். அதிலிருந்து எனக்கு ஒரு காசு வரவில்லை. என் பெயரைக் கேட்கவில்லை. படத்தை விற்க மாட்டேன் என்றார். ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவே இல்லை.

லாங் 1965லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. அவர் 1960இல் எழுதியதில் ஒரு வாக்கியம் இதற்கு நேர் எதிரே நிற்கிறது: என் படங்கள் தனக்கு உதவும் என்று அவருக்குத் தெரிந்ததுபோல இருந்தது, அதனால் அவர் எனக்கு உதவினார், அதில் ஒருவித சமத்துவம் இருந்தது. ஒரே பத்து நிமிடத்தை இரண்டு பேர் எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஒருவருக்குச் சமமான கொடுக்கல் வாங்கல், இன்னொருவருக்கு வராத பாக்கி.

என் தீர்ப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். லாங்கைத் திருடி என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மழையில் இருபது மைல் திரும்பி வந்தவர், மற்றவர்கள் பார்க்க மறுத்ததைப் பார்த்தவர், படத்தை உடனே செய்தித்தாளில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். மற்ற பயணங்களில் கூலிகள் பேசியதைக் கவனமாகக் குறிப்பெடுத்த ஆள்தான் அவர், அன்றைக்குக் களைப்பு, அவசரம். ஆனால் பெயர் இல்லாமல் போனதும் படத்துக்கு நல்லதாகிவிட்டது, இதைத்தான் நாம் ஒப்புக்கொள்வதில்லை. கீழே ஃப்ளோரன்ஸ் என்று போட்டு, வண்டி ரிப்பேர், துணைவர் ஊருக்குள் போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று எழுதியிருந்தால் மார்ச் 11ஆம் தேதி அந்தச் செய்தித்தாளை எடுத்தவர் நெஞ்சு அதே மாதிரி கரைந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். நமக்குத் தேவைப்பட்டது ஒரு முகம், காலியாக.

குடும்பத்துக்கு அந்த முகம் என்னவாக இருந்தது என்பதை, படத்தில் நான்கு வயதுக் குழந்தையாக முகத்தைத் திருப்பி நிற்கும் கேத்ரின் பெரியவரானதும் சொன்னார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, நாங்கள்தான் அது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தோம். இவ்வளவுக்கும் அந்தப் பிள்ளைகள் தலையெடுத்து, அம்மாவுக்கு மொடெஸ்டோவில் ஒரு வீடே வாங்கிக் கொடுத்தவர்கள். ஃப்ளோரன்ஸும் போருக்குப் பிறகு ஜார்ஜ் தாம்ப்சனை மணந்து சுமாரான வசதியோடுதான் வாழ்ந்தார். ஆனால் படத்துக்கு வயதாகவில்லை. பள்ளிப் புத்தகத்தைத் திறந்தால் அம்மா இன்னும் 32 வயதில் பட்டினி கிடக்கிறார்.

அப்புறம் 1983. ஃப்ளோரன்ஸுக்குப் புற்றுநோய், பக்கவாதம் வேறு. காப்பீடு இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை, வேறு வழியில்லாமல் பத்திரிகை மூலம் உதவி கேட்டார்கள். எதைச் சொல்லிக் கேட்பது, அந்தப் படத்தைச் சொல்லித்தான். இத்தனை வருடமாக மறைக்க நினைத்த அதே படம்.

நாடு முழுவதும் இருந்து சுமார் 2,000 கடிதங்கள் வந்தன, 35,000 டாலருக்கு மேல் பணம் சேர்ந்தது. ஒன்று, இரண்டு டாலர் வைத்து அனுப்பியவர்களும் உண்டு. உங்கள் அம்மாவின் படம் பல வருடமாக எனக்குத் தெம்பைக் கொடுத்தது என்று ஒருவர் பெயர் போடாமல் எழுதியிருந்தார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறித்தான் போகிறேன், ஏனென்றால் மேலே பார்த்தவர்களைப் பற்றி அவ்வளவு கறாராக எழுதிவிட்டேன். பார்த்தவர்கள் யாரும் அவரை அறியவில்லை என்பது உண்மை, ஆனால் அந்த 2,000 பேரும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், முகவரி கிடைத்ததும் அனுப்பிவிட்டார்கள். முகவரிதான் 47 வருடம் லேட்.

டிராய் சொன்னார்: அம்மாவுக்கும் எங்களுக்கும் அந்தப் படம் எப்போதும் ஒருவிதச் சாபமாகத்தான் இருந்தது, இத்தனை கடிதம் வந்த பிறகு அது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அந்த செப்டம்பர் 16ஆம் தேதி ஃப்ளோரன்ஸ் இறந்தார். கல்லறைக் கல்லில் அவர் பெயரோடு 'மைக்ரன்ட் மதர்' என்ற சொல்லையும் பிள்ளைகளே பொறித்தார்கள், அமெரிக்கத் தாய்மையின் உறுதிக்கு ஒரு காவியம் என்று அதன் கீழே. 1998இல் லாங்கின் கையெழுத்துக் குறிப்போடு இருந்த ஒரு பிரதி நியூயார்க்கில் 2,44,500 டாலருக்கு ஏலம் போனது. அதே வருடம் அமெரிக்கத் தபால்துறை அந்தப் படத்தை 32 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. உயிரோடு இருப்பவர்களைத் தபால்தலையில் போடுவது அங்கே வழக்கமில்லை, ஆனால் படத்தில் இருந்த மகள்களில் கேத்ரினும், அன்று மடியில் கிடந்த நார்மாவும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள்.

மூலப்படம் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது, இணையத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். கட்டுரை எழுதும் முன் நானும் போய்த் தேடினேன். அங்கே படத்தின் தலைப்பு, 1936இல் எழுதிய மாதிரியே: கலிஃபோர்னியாவில் ஆதரவற்ற பட்டாணி பறிப்பவர்கள். ஏழு பிள்ளைகளின் தாய். வயது முப்பத்திரண்டு. நிப்போமோ, கலிஃபோர்னியா.